வெட்டுக்கோடு

முதலில் படத்தைச் சுட வேண்டும்,
அப்புறம்தான் வெட்ட வேண்டும்.
வெட்டிவிட்டால் பலகை அசையும்.
அசைந்த பலகையில் சுட்டால்
கடலின் ஆழ எண்கள் கரையேறி நிற்கும்.
துர்க்கு நகரத்து ஆற்றோரம்
பழைய கயிற்றுக் கிடங்கொன்றில்
பதினோரு வருடமாக இதுதான் என் பிழைப்பு.

குன்னெல் கொண்டுவந்தது ஒரு கடல் வரைபடம்.
மடிப்பெல்லாம் கிழிசல்.
மீன் செதில் ஒன்று காய்ந்து ஒட்டியிருந்தது.
"தீவுகள் மட்டும் போதும். நாற்பது பிரதி.
ஆகஸ்டில் சொந்தக்காரர்கள் கூடுகிறோம்."

நுணுக்கமான படத்தைச் சுற்றி
வெட்டுக்கோடு போடு என்று கணினியிடம் சொன்னால்
சொன்னதைச் செய்யும். அதுதான் தொல்லை.
ஒவ்வொரு பாறைப் பல்லையும் தடவியது,
படகுத்துறைக்குள் நுழைந்து வெளியே வந்தது,
நாணல் புதரில் தண்டுக்குத் தண்டு ஏறி இறங்கியது.
இரண்டாயிரத்து முந்நூறு மூடிய கோடுகள்.
அப்படியே வெட்டினால்
வந்தவர்களுக்கு ஆளுக்கொரு கை
பொரிகடலை.

விலகு என்றேன்.
ஒரு மில்லிமீட்டர் விலகியது:
தீவுகள் தனித்தனியே சட்டை போட்டுக்கொண்டன.
இரண்டு: பக்கத்துத் தீவுகள் தோளுரசின.
மூன்றரை: எல்லாம் ஒரே போர்வைக்குள்.
ஐந்து: போர்வைக்குள் யாரென்றே தெரியவில்லை,
உருளைக்கிழங்கு.
மூன்றரைக்குத் திரும்பினேன்.
நடுவில் அகப்பட்ட ஓட்டைகளை அடைத்தேன்.

எள்ளளவுக்குக் கீழே உள்ளதை
விட்டுவிடலாமா என்று கேட்டது திரை.
தூசி, செதில், காப்பிக் கறை.
ஆம் என்று அழுத்தினேன்.
யோசிக்கக்கூட இல்லை.

மாதிரிப் பலகையை வாங்கி
குன்னெல் விரலால் கரையோடு கரையாகப் போனாள்.
தென்மேற்கு மூலையில்
விரல் பலகையைவிட்டு இறங்கி
காற்றில் நின்றது.

"இங்கே."

"அங்கே ஒன்றுமில்லையே."

"க்னாப்பன்" என்றாள். பொத்தான் என்று அர்த்தமாம்.
முப்பதடிப் பாறை, மரம் மட்டை கிடையாது,
அச்சிட்டவர்களும் பெயர் போடவில்லை.
"மோட்டார் நின்று படகு போன ராத்திரி
எங்கள் தாத்தாவின் அப்பா
விடியும்வரை அதன்மேல் உட்கார்ந்திருந்தார்,
ஒரு நீர்க்காகத்தோடு இடத்துக்குச் சண்டை போட்டுக்கொண்டு.
அப்போது அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை."

நாற்பது பேரையும் நான்
மனசுக்குள் எண்ணிப் பார்த்தேன்.

நீக்கியவற்றைத் திறந்து தேடினேன்.
செதிலும் பாறையும் ஒரே அளவு.
எது எது என்று
அவள்தான் காட்ட வேண்டியிருந்தது.

மற்ற தீவுகளிலிருந்து ஒன்பது மில்லிமீட்டர்.
எந்தப் போர்வையும் அவ்வளவு தூரம் எட்டாது,
எட்டவைத்தால் மறுபடி உருளைக்கிழங்கு.
ஆகவே கையால்:
கோட்டில் ஒரு புள்ளியைப் பிடித்து இழுத்தேன்,
பிடிவாதக்காரப் பிள்ளையைக் கடைவீதியில் இழுப்பதுபோல்.
கழுத்துக்கு மூன்று மில்லிமீட்டர் விட்டேன்.
கதிருக்கும் ஒரு தடிமன் உண்டு,
போகிற வழியெல்லாம் இம்மி இம்மியாய்த் தின்றுகொண்டே போகும்.

வெந்த பிர்ச் மரத்தின் வாசனையில்
யோர்மா எட்டிப் பார்த்தான்:
"இது என்ன, பக்கத்தில் மரு?"
உண்மைதான். பெட்டியில் அடுக்க வரவில்லை.
பையில் போட்டால் துணியில் மாட்டியது.
இத்தனை வருடத்தில் இவ்வளவு அசிங்கமான கோடு
நான் போட்டதில்லை.

நாற்பதாவதைச் சட்டத்திலிருந்து எடுக்கையில்
கழுத்து முறிந்தது.
இன்னொன்று வெட்டித் தருகிறேன் என்றேன்.

"வேண்டாம், அது டோர்கெலுக்கு.
பொத்தானை ஹெல்சிங்கிக்காரன் ஒருவனுக்கு
விற்கப் பார்த்தவன் அவன்."

உடைந்த துண்டைக் காகிதத்தில் தனியே மடித்து
கோட்டுப் பையின் அடியில் வைத்துக்கொண்டாள்.
அதையும் அவனிடம் கொடுப்பாளா என்று
நான் கேட்கவில்லை.